சுற்றிப் போனாலும் கண்ணுக்கு நிறைவான வழி: திட்டமிடுவது எப்படி?

வரைபடச் செயலியிடம் வழி கேட்டால், விரைவாகப் போய்ச் சேரும் வழியைத்தான் அது தரும். ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு செலவு வைத்து, மொத்தச் செலவு குறைந்த வழியைப் பிடிப்பது அதன் வேலை. கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்குமுறைதான் இதற்கு வேர். அந்தச் செலவு பெரும்பாலும் நேரம்; ஏரியும் மலைச்சரிவும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஆகவே அழகான வழியை நாமே கண்டுபிடித்து, செயலி அதை மாற்றிவிடாதபடி கட்டிப்போட வேண்டும். கண்டுபிடிப்பது இன்பமான வேலை. கட்டிப்போடும் இடத்தில்தான் நான் நெடுநேரம் திணறினேன். அதனால் மூன்றாம் படியை விரிவாகவே எழுதுகிறேன்.

படி 1: சாலையைத் தேடுங்கள்

கணினியின் பெரிய திரையில் தேடுங்கள். சாதாரண வரைபடம் போதாது; சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள ஓப்பன்டோப்போமேப் என்ற இணைய வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்தான சரிவு. அந்த நெருக்கத்தில் கோடுகளை ஒட்டியே ஒரு சாலை ஓடினால், அது மலையின் இடுப்பில் வெட்டிய சாலை: ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் திறந்த வெளி. கோடுகளைக் குறுக்கே வெட்டி வெட்டி ஏறினால் கொண்டை ஊசி வளைவுகள். நீலக் கோடு பக்கத்திலேயே வந்தால் ஆற்றோரம். சாலையின் இருபுறமும் பச்சை அடர்ந்திருந்தால் நிழல் கிடைக்கும், தொலைவுக் காட்சி கிடைக்காது.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி உண்டு. நெடுஞ்சாலை ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழையும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுரங்கம் வருவதற்கு முன்பு எல்லா வண்டிகளும் ஏறி இறங்கிய பழைய சாலை, மெல்லிய கோடாக அந்த மலைக்கு மேலே பல இடங்களில் இன்னும் நெளிந்துகொண்டிருக்கும். போக்குவரத்து கீழே போய்விட்டது. காட்சி மேலேயே இருக்கிறது.

மிஷெலின் அச்சு வரைபடம் கிடைக்கும் நாடு என்றால் வேலை பாதி முடிந்தது. அழகான சாலைகளை ஒட்டி அதில் பச்சைக் கோடு போட்டிருப்பார்கள். நான் இன்றும் அதைத்தான் முதலில் மேசையில் விரிப்பேன்.

படி 2: நேரில் பார்ப்பதுபோல் பாருங்கள்

கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் அந்தச் சாலையில் சில இடங்களில் இறங்கிப் பாருங்கள். காட்சியை மறைக்கும் சுவர், சாலையின் தரம், வண்டி நிறுத்த ஓரிடம் ஆகிய மூன்றும் முக்கியம். படம் எடுத்த ஆண்டையும் கவனியுங்கள்.

படி 3: வழியைக் கட்டிப்போடுங்கள்

'நெடுஞ்சாலைகளைத் தவிர்' என்ற அமைப்பை மட்டும் நம்ப வேண்டாம். மிச்சமிருக்கும் சாலைகளில் எது விரைவோ அதைத்தான் அது தரும். கணினியில் கூகுள் மேப்ஸ் வழியைக் காட்டும் நீலக் கோட்டைப் பிடித்து இழுத்து வளைக்கலாம். ஆனால் அதைக் கைபேசிக்கு அனுப்பும்போது கோடு பழையபடி நேராகிவிடக்கூடும். எனவே இடைநிறுத்தங்களாகப் புள்ளிகளை வைப்பதே பாதுகாப்பு.

புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். ஊரின் பெயரைக் கொடுத்தால் ஊரின் நெரிசலுக்குள் போய் நிற்பீர்கள். சாலைச் சந்திப்பில் வைத்தால், அதைத் தொட்டுவிட்டுச் செயலி மீண்டும் நெடுஞ்சாலைக்கே திருப்பிவிடும். நீங்கள் விரும்பும் சாலைப் பகுதியின் நடுவில், சந்திப்பைத் தாண்டி வையுங்கள். முழுவதும் பெரிதாக்கி, தார்ச்சாலையின் மேலேயே வையுங்கள். பக்கத்துச் சந்தில் விழுந்தால் அந்தச் சந்துக்குள் போய்த் திரும்பி வரச் சொல்லும். நடுவில் தடுப்புள்ள சாலையில் எதிர்ப்பக்கம் விழுந்தால் எங்கோ போய் வளைந்து வர நேரும். கூகுள் மேப்ஸில் ஒரு பயணத்துக்கு 9 நிறுத்தங்கள்தான் சேர்க்கலாம். நீண்ட பயணத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சேமியுங்கள்.

வழியைத் திட்டமிட என் தேர்வு குர்விகர் என்ற செயலி. மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக உருவானது என்றாலும் காருக்கும் நன்றாகப் பயன்படுகிறது. வளைந்து செல்லும் சாலைகளை அது தானாகவே தேடித் தருகிறது. வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாகவும் (வழியின் புள்ளிகளை வேறு செயலிக்கோ கருவிக்கோ கொண்டுபோக உதவும் கோப்பு) எடுத்துக்கொள்ளலாம்.

கோப்பை எடுக்கும்போது 'ரூட்' வேண்டுமா, 'டிராக்' வேண்டுமா என்ற கேள்வி வரும். அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிடாதீர்கள். ரூட் என்பது சில புள்ளிகள் மட்டுமே. அவற்றை எப்படி இணைப்பது என்பதை வழிகாட்டும் கருவி தன் போக்கில் மறுபடி கணக்கிடும். அதன் விருப்பம் 'விரைவான வழி' என்று இருந்தால், நீங்கள் தேடித் தேடிச் சேர்த்த வளைவுகள் எல்லாம் போய்விடும். டிராக் என்பது சாலையின் ஒவ்வொரு வளைவையும் நெருக்கமான புள்ளிகளால் பதித்த தடம். கருவி அதை அப்படியே பின்தொடரும். டிராக்கையே எடுங்கள். கூகுள் மேப்ஸ் இந்தக் கோப்பைக் கொண்டு வழிகாட்டாது. ஆஸ்மாண்ட் போன்ற செயலி தேவை.

படி 4: எந்தத் திசையில், எந்த நேரத்தில்

மாலையில் மேற்கு நோக்கி ஓட்டினால் வெயில் முகத்தில் அடிக்கும். மலையெல்லாம் கறுப்பு உருவமாகத் தெரியும். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி திசையை அமைத்தால் அதே சாலையில் நிறங்கள் எழுந்து நிற்கும். சன்கால்க் தளத்தில் தேதியைக் கொடுத்தால் கதிரவன் எந்தப் பக்கம் இருக்கும் என்று காட்டும். தீவையோ தீபகற்பத்தையோ சுற்றுவதானால், இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் கடிகாரச் சுற்றாகப் போங்கள். கடல் நீங்கள் ஓட்டும் ஓரத்திலேயே இருக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இதற்கு நேரெதிர். ஏரியைச் சுற்றும்போது தண்ணீர் உள்பக்கம் இருப்பதால் இது அப்படியே தலைகீழாகும்.

வளைவுகள் நிறைந்த மலைச்சாலைக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கணக்கிடுங்கள். செயலி சொல்லும் நேரத்தில் நின்று பார்ப்பதற்கு இடமே இல்லை.

பின்சேர்க்கை: "டிராக்கைப் போட்டும் செயலி நெடுஞ்சாலைக்கு இழுக்கிறது" என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். தேநீருக்காகத் தடத்தை விட்டு விலகியதும் கருவி தானாக வழியை மாற்றிக் கணக்கிட்டதுதான் காரணம். அமைப்புகளில் தானியங்கி மறுகணக்கீட்டை நிறுத்திவிடுங்கள். சாலை மூடியிருந்து சுற்ற நேர்ந்தால், இடைப்புள்ளிகளை வைத்துப் போகிறவர்கள் தவறவிட்ட புள்ளியைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசிவரை திரும்பி வரச் சொல்லிக்கொண்டே இருக்கும். மலைப்பகுதியில் சிக்னல் இராது என்பதால், வரைபடத்தை முந்தைய இரவே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.