மிஞ்சிய கிரில் சிக்கனைக் குக்கரில் போடாதீர்கள்

முழு கிரில் சிக்கன் வாங்கினால் லெக் பீஸுக்குத்தான் முதலில் போட்டி. கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் நெஞ்சுப் பகுதி. மறுநாள் வெங்காயம், தக்காளி வதக்கி, மசாலா போட்டு, மிஞ்சிய துண்டுகளையும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றிக் குக்கரை மூடுகிற வீடுகள் நிறைய. திறந்து பார்த்தால் குழம்பு பரவாயில்லை, கறி மட்டும் நார் நாராக இருக்கும். கடைக்கோழியே அப்படித்தான் என்று பழி கோழிமேல் விழும்.

கோழி என்ன செய்யும்? அது ஏற்கெனவே வெந்தது. உள்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே கோழிக்கறி பாதுகாப்பாக வெந்துவிட்டது என்பது கணக்கு. கடைக் கிரில்லில் அதைத் தாண்டியும் சுற்றியிருக்கும். சூடு ஏற ஏறத் தசை சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அப்படிப் போன நீர், குழம்பில் ஊறப்போட்டாலும் திரும்ப வராது. சவ்வு நிறைந்த ஆட்டுக்கறியை நீண்ட நேரம் வேகவைத்தால் சவ்வு கரைந்து மென்மையாகும். கோழி நெஞ்சில் கரைவதற்கு அவ்வளவு சவ்வு கிடையாது.

அதனால் வரிசையை மாற்ற வேண்டும். தொக்கோ குழம்போ, முதலில் அது முழுதாக முடியட்டும். இஞ்சி பூண்டு பச்சை வாசனை போய், எண்ணெய் பிரிந்த பிறகு, விரலளவுக்குப் பிய்த்த கறியைப் போட்டுப் புரட்டி, துண்டுகளின் நடுவிலும் ஆவி பறக்கச் சூடேறியதும் இறக்கிவிடலாம். முழுத் துண்டாகப் போட்டால் நடுப்பகுதி சூடேறுவதற்குள் வெளிப்பக்கம் காய்ந்துவிடும்.

உப்பில் பலர் ஏமாறுகிறார்கள். கிரில் கறி உப்பிலும் காரத்திலும் ஊறி வந்தது. வழக்கமான அளவு உப்பைக் குழம்பில் போட்டு அதையும் சேர்த்தால் கரித்துக் கொட்டும். கறி சேர்த்து ருசி பார்த்த பிறகுதான் உப்பு.

சரி, இதெல்லாம் ருசிக் கணக்கு. முந்தைய இரவு நடக்கிற தவறுதான் ஆபத்தானது. சாப்பிட்டு முடித்து, மீதியைக் கவரோடு மேஜையில் விட்டுவிட்டுத் தூங்கிவிடுவது. காலையில் நன்றாகக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கொதியில் பாக்டீரியா சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை இரவெல்லாம் பெருகி விட்டுப்போன நச்சு அந்தக் கொதிக்கு அசையாது. சமைத்த கறி வெளியே இருக்கலாம் என்பது 2 மணி நேரத்துக்குத்தான். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். நம் ஊர் கோடையில் இந்த இரண்டாவது கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரவே எலும்பிலிருந்து கறியைப் பிரித்து, அகலமான டப்பாவில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் 3, 4 நாள் தாங்கும். வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். ஒரே டப்பாவைத் தினமும் சூடாக்கித் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

கூட வந்த மயோனைஸை எடுத்து வைக்கவே வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது சும்மா இல்லை.

மறுநாள் கறியில் ஒரு வாடை வரும், ஃப்ரிட்ஜ் வாடை என்போம். உண்மையில் கறியிலுள்ள இரும்புச்சத்து, அதன் கொழுப்பைக் காற்றோடு சேர்த்துக் கெடுப்பதால் வருவது அது. வெறுமனே மைக்ரோவேவில் சுட வைத்தால் தூக்கலாகத் தெரியும். காற்று புகாமல் மூடி வைப்பதும், மிளகு, பூண்டு, கறிவேப்பிலையோடு புரட்டுவதும் உதவும்.

என்னைக் கேட்டால், மிஞ்சிய கிரில் சிக்கனுக்குக் கொத்து பரோட்டாவை விட நல்ல இடம் இல்லை. வெங்காயம், பச்சைமிளகாய் வதங்கி, முட்டை உடைத்து ஊற்றி, பிய்த்த பரோட்டாவும் சால்னாவும் சேர்ந்து கொத்துப்பட்ட பிறகு கறியைப் போட்டால் போதும். நெஞ்சுக்கறியின் வறட்சியைச் சால்னா மறைத்துவிடும். முட்டைப் பொடிமாஸிலும் இதே வேலை நடக்கும். ஃப்ரைடு ரைஸ் செய்வதானால் பழைய சோற்றையும் கவனியுங்கள். இரவெல்லாம் வெளியே கிடந்த சோற்றில் வளரும் பேசில்லஸ் கிருமியின் நச்சும் வாணலிச் சூட்டுக்கு அடங்காது. சோறும் ஃப்ரிட்ஜில் இருந்ததாக இருக்கட்டும்.

அப்புறம் இன்னொரு தவறு, எலும்பைக் குப்பையில் போடுவது. குக்கர் உண்மையில் உதவுவது இங்கேதான். யாரும் வாய் வைக்காத எலும்புக்கூட்டை, கருகிய தோலை நீக்கிவிட்டு (இல்லாவிட்டால் கசக்கும்), தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு குக்கரில் அரை மணி நேரம் விட்டு வடிகட்டினால் நல்ல சூப் கிடைக்கும். வடிகட்டிய எலும்பைத் தெருநாய்க்குப் போடாதீர்கள். வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து அதன் தொண்டையிலோ குடலிலோ குத்திவிடும்.