பழைய பட்டாள மெடல் சேர்ப்பது எப்படி? வெர்னியரில் தொடங்குங்கள்

அப்பிச்சியின் தகரப் பெட்டியில் இரண்டு மெடல் கிடைத்தபோது நான் செய்த முதல் காரியம் புளி போட்டுத் தேய்த்ததுதான். பளபளவென்று வந்தது. எழுபது வருடம் ஏறியிருந்த நிறம் அரை மணி நேரத்தில் போய்விட்டது. விவரம் தெரிந்த ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கையில் வாங்காமலே, "கழுவீட்டீங்களா?" என்றார். அன்றைக்குத்தான் இந்தப் பழக்கம் எனக்குத் தொற்றியது.

படி 1: கழுவாதீர்கள்

புளி, எலுமிச்சை, சாம்பல், சபீனா, பிராசோ எதுவும் வேண்டாம். தூசி இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள், போதும். மேலே படிந்த கருமை அழுக்கில்லை, வயது. தேய்க்கத் தேய்க்க விளிம்பில் உள்ள எழுத்தும் மழுங்கும். மெடலில் மதிப்பே அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

படி 2: மெடலுக்கு முன்னால் கருவி

ஒரு வெர்னியர் (மில்லிமீட்டருக்குக் கீழும் அளக்கும் கருவி), நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், கிராமுக்குக் கீழும் காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தம், ஒரு புற ஊதா டார்ச். கோயம்புத்தூரில் வீட்டுக்கு ஒருவர் லேத் பட்டறையோடு தொடர்பில் இருப்பார். வெர்னியரைக் கடன் வாங்கிக்கூட ஆரம்பிக்கலாம்.

காந்தத்தை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். வெள்ளி, வெண்கலம், செம்பு நிக்கல் கலவை எதுவும் காந்தத்தில் ஒட்டாது. நல்ல மெடலும் ஒட்டாது, பித்தளைப் போலியும் ஒட்டாது. ஒட்டினால் இரும்பு, தூக்கி வைத்துவிடலாம். அதற்கு மேல் அதனால் ஒன்றும் தெரியாது.

படி 3: நம் பக்கத்தில் என்ன கிடைக்கும்?

பிரிட்டிஷாரின் உச்ச வீர விருதான விக்டோரியா சிலுவையெல்லாம் கனவு காண வேண்டாம். கொங்கு நாட்டு வீடுகளிலும் உக்கடம் பக்கத்துப் பழைய பொருள் கடைகளிலும் வருவது பெரும்பாலும் போருக்குப் போன எல்லாருக்கும் கொடுத்த மெடல்கள்.

முதல் உலகப் போருக்கு மூன்று. 1914-15 ஸ்டார், வெண்கலம். பிரிட்டிஷ் வார் மெடல், வெள்ளி, 36 மில்லிமீட்டர், தொங்கும் கம்பியோடு சேர்த்து 30 கிராமுக்குச் சற்று மேல், அதாவது கிட்டத்தட்ட நாலு பவுன் எடை. விக்டரி மெடல், வெண்கலம், முன்பக்கம் சிறகு விரித்த பெண் உருவம், வானவில்லை இரண்டாக மடித்து ஒட்டியது போன்ற ரிப்பன். வார் மெடல் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால் போலி என்று ஒதுக்காதீர்கள். லேபர் கோர் என்ற தொழிலாளர் படைக்கும் பட்டாளத்தோடு போன பணியாளர்களுக்கும் வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். அது வெள்ளியைவிட அரிது.

இதில் ஒரு கணக்கு உண்டு. விக்டரி மெடலைத் தனியாக யாருக்கும் கொடுக்கவில்லை. வார் மெடலோடு சேர்த்துத்தான். ஸ்டார் வாங்கியவருக்கு மூன்றும் உண்டு. ஆகவே விக்டரி மட்டும் தனியாக உங்கள் கைக்கு வந்தால், அதன் ஜோடி எங்கோ போய்விட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் எங்கே போயிருக்கும் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் போருக்கு ஆறுமுனை ஸ்டார்கள். 1939-45, ஆப்பிரிக்கா, பர்மா, இத்தாலி ஆகியவை நம் ஆட்களிடம் அதிகம். அகலம் 38 மில்லிமீட்டர், நடுவில் மன்னர் ஆறாம் ஜார்ஜின் முத்திரை எழுத்து. கூடவே 1939-45 வார் மெடல், பின்பக்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் நிற்கும் சிங்கம். மூன்று வருடம் இந்தியாவுக்குள்ளேயே வேலை பார்த்தவருக்கு இந்தியா சர்வீஸ் மெடல், பின்பக்கம் இந்திய வரைபடம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1947 சுதந்திர மெடல், 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், 1971 போருக்குப் பூர்வி, பஸ்சிமி ஸ்டார்கள் என்று வரிசை போகும். இவற்றில் ஒரு சிக்கல். அசலைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அணிவகுப்புக்கென்று கடையில் வேறு செட் வாங்கிக் குத்திக்கொள்வது பட்டாளக்காரர்களின் வழக்கம். அது போலியும் இல்லை, அசலும் இல்லை. விலை பேசும்போது இந்த வித்தியாசத்தைக் கேளுங்கள்.

படி 4: விளிம்பைப் படியுங்கள்

புதிதாக வருபவர்கள் மெடலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே வகை மெடல் என்றால் முகம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். முதல் போர் மெடல்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நாலும் இருக்கும். ஸ்டார் என்றால் பின்பக்கம்.

மெடலை மேசையில் நிறுத்தி, டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. எழுத்துகள் அச்சு வைத்து அழுத்தியவை. லென்ஸில் பார்த்தால் குழியின் அடி தட்டையாக, ஓரம் கூர்மையாக இருக்கும். பின்னால் யாரோ எந்திரத்தில் கீறியது என்றால் கோடு கோடாக, நடுங்கியது மாதிரி தெரியும்.

பெயரைப் பார்த்துத் திகைக்காதீர்கள். நம் ஊர்ப் பெயர்களைப் பட்டாள குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். சாமி 'சாவ்மி' ஆகியிருக்கும், முத்து 'மூட்டூ' ஆகியிருக்கும். இன்ஷியல் இருக்காது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், அதனால் எண்தான் ஆளைப் பிரிக்கும். பிரிவின் பெயர் சுருக்கமாக இருக்கும். 'கியூ.வி.ஓ.' என்பதோடு சாப்பர்ஸ் என்றும் வந்தால் பெங்களூரில் மையம் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பட்டாளத்தின் பொறியியல் பிரிவு. நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் போன இடம். 'கார்னாடிக் இன்ஃபன்ட்ரி' என்று வந்தால் பழைய மெட்ராஸ் காலாட்படை. பதவியும் காலத்தைக் காட்டிக் கொடுக்கும். இந்தியப் படையில் ஜமேதார் என்ற பதவி 1965இல் நாயப் சுபேதார் ஆகிவிட்டது. 1971 ஸ்டாரில் ஜமேதார் என்று பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

இரண்டாம் போர் மெடல்களில் பெயர் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். பிரிட்டனில் கொடுத்தவை பெயரில்லாமலே போனவை. இந்தியர்களுக்குப் போனவற்றில் பெயர் பொறித்தவை உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

இனி வெர்னியருக்கு வேலை. பழைய பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, விலை போகும் வேறு பெயரைக் குத்துவது பழைய தந்திரம். விட்டத்தை ஒரு இடத்தில் மட்டும் அளக்காமல், மெடலைத் திருப்பித் திருப்பி ஏழெட்டு இடத்தில் அளந்து எழுதுங்கள். பெயர் இருக்கும் பக்கம் மட்டும் 0.2, 0.3 மில்லிமீட்டர் குறைந்தால் அங்கே அரம் ஓடியிருக்கிறது.

படி 5: அடித்ததா, வார்த்ததா?

அசல் மெடல், டை என்கிற எஃகு அச்சு போட்டு அடித்தது. மலிவுப் போலி, அசலை வைத்து அச்செடுத்து வார்த்தது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதில் நம் ஊருக்கு ஈடு கிடையாது, ஏனென்றால் பவுண்டரி நம் குலத்தொழில் மாதிரி ஆகிவிட்டது.

நான் 2,500 ரூபாய் கொடுத்து ஒரு விக்டரி மெடல் வாங்கினேன். ராத்திரி பூரா அதைப் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வார்ப்படத் தொழிலில் இருக்கும் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் மெடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். வெர்னியரை வைத்தார், 35.5 காட்டியது. "அசல் எவ்வளவு சாமி?" என்றார். 36 என்றேன். "பித்தளை ஆறும்போது நூத்துக்கு ஒண்ணரை சுருங்கும். அச்செடுக்கிற மாதிரி, அதான் பேட்டர்ன், பண்றப்ப நாங்க அதைக் கூட்டித்தான் வைப்போம். இவன் அசலையே பேட்டர்னா வச்சிருக்கான், கூட்டறதுக்கு வழியில்ல." அப்புறம் லென்ஸில் சிறகின் மடிப்பைக் காட்டினார். மணல் தூவியது போலப் பொடிப் பொடிக் குழி. "புளோ ஹோலு." முடிந்தது.

ஆக, அளவு சற்றுக் குறைவு, மேற்பரப்பில் பொடிக்குழி, முக விவரம் சோப்பு கரைந்தது போல மழுங்கல், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு. இதில் இரண்டு இருந்தாலே போதும். அந்த 2,500 ரூபாய் மெடலை இன்னும் வைத்திருக்கிறேன், புதியவர்களுக்குக் காட்ட.

படி 6: ரிப்பனும் ரிப்பன் பாரும்

மெடல் இல்லாமல், நெஞ்சில் குத்தும் ரிப்பன் பட்டை மட்டும் கிடைப்பது சகஜம். அதைத்தான் பார் என்கிறோம். பெயர் கிடையாது, ஆனால் ஒரு ஆளின் பட்டாள வாழ்க்கை அதில் வரிசையாக இருக்கும். நமக்கு இடப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். 1939-45 ஸ்டார் என்றால் அடர்நீலம், சிவப்பு, வெளிர்நீலம். அடர்நீலம் நமக்கு இடப்பக்கம் வர வேண்டும். பர்மா என்றால் நடுவில் அகலச் சிவப்பு, இருபுறமும் அடர்நீலம், அந்த நீலத்துக்குள் மெல்லிய ஆரஞ்சு. ஆப்பிரிக்கா ரிப்பன் மேல் சின்ன '8' இருந்தால் எட்டாவது ஆர்மியில் இருந்தவர்.

பணத்துக்காகக் கோத்த பார் எப்படி மாட்டும் தெரியுமா? இரண்டாம் போருக்கு அன்றைக்கு ஒருவருக்கு ஐந்து ஸ்டாருக்கு மேல் கொடுக்கவில்லை. பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் ஒருவருக்குச் சேர்ந்து வராது; முதலில் கிடைத்த ஸ்டாரின் ரிப்பன் மேல் ஒரு வெள்ளி ரோஜாப் பூ வைத்து இரண்டாவதைக் காட்டுவார்கள். இரண்டு ரிப்பனையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் விற்பவரிடம் சிரித்துவிட்டு நகருங்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் பணியில் இருந்தவரின் பாரில் இந்திய ரிப்பன்கள் முன்னாலும் வெள்ளைக்காரன் காலத்தவை கடைசியிலும் வரும்.

இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். வெள்ளை நூல் நீலமாக ஒளிர்ந்தால் அதில் டினோபால் வகை வெளுப்பான் ஏறியிருக்கிறது. திருப்பூர்க்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அவசரம் வேண்டாம். பழைய ரிப்பனைச் சோப்புத் தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். பழைய மெடலில் புது ரிப்பன் மாற்றுவதும் வழக்கம்தான், அதனால் மெடல் போலியாகிவிடாது. ஓரத்தில் ஒரு இழை பிரிந்திருந்தால் பற்ற வைத்துப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசம் வந்தால் பருத்தி, உருகி உருண்டையானால் நைலான் மாதிரி செயற்கை இழை.

படி 7: வாங்கும்போது

ஒரே ஆளின் மெடல்களைப் பிரிக்காதீர்கள். மூன்று ஆயிரம் மிச்சம் பிடிக்க ஜோடியை உடைத்தால், பின்னால் சேர்க்கவே முடியாது. டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய போட்டோ இருந்தால் கூடவே கேளுங்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். முதல் போர் மெடல்கள் 100 வருடம் தாண்டிவிட்டன. 1972 தொல்பொருள் சட்டத்தை நினைவில் வையுங்கள், வெளிநாட்டுக்காரர் கேட்டால் தபாலில் அனுப்பி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வைப்பதற்குப் பி.வி.சி. உறை வேண்டாம், பச்சைக் களிம்பு ஏறும். காகித உறை, பக்கத்தில் ஒரு சிலிக்கா பை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஜோடி விஷயம். கோபி பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் ஒரு அம்மிச்சி விக்டரி மெடலை எடுத்துக் காட்டினார்கள், விளிம்பில் சாப்பர் ஒருவரின் எண். "இதோட வெள்ளியில ஒண்ணு இருந்திருக்கணுங்களே?" என்றேன்.

"இருந்துச்சு கண்ணு. மாமனாரோடது. பேத்திக்குக் கொலுசு பண்ணையில அதையும் போட்டு உருக்கீட்டோம்."

நான் விலை கேட்கவில்லை. விளிம்பில் இருந்த எண்ணையும் பெயரையும் பிரிவையும் ஒரு தாளில் தமிழில் எழுதி மடித்து மெடலோடு வைத்தேன். மாமனார் பெங்களூரில் இருந்தார் என்பதே அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தாளை மட்டும் தனியாக எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்கள்.