பச்சை குத்துவதற்கு முன், அந்தப் படம் யாருடையது என்று பாருங்கள்

டாட்டூ போட முடிவு செய்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "வலிக்குமா?" என்றுதான். வலிக்கும். விலா, கணுக்கால் மாதிரி எலும்பு தோலை ஒட்டி இருக்கிற இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும், அப்புறம் மறந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான் தேர்ந்தெடுத்த இந்தப் படம் எங்கிருந்து வந்தது, என்னைத் தெரியாத ஒருவர் வேறொரு நாட்டில் இதைப் பார்த்தால் என்னவென்று நினைப்பார்? சட்டையில் அச்சடித்த படம் என்றால் கழற்றி வைத்துவிட்டு விமானம் ஏறலாம், தோலில் அது நடக்காது.

இப்போது டாட்டூ ஒரு சாதாரண விஷயமாகிவிட்டது என்பது உண்மைதான். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 32 சதவீதம் பேர் உடம்பில் குறைந்தது ஒரு டாட்டூவாவது இருப்பதாகச் சொன்னார்கள், பெண்கள் ஆண்களை விட அதிகம். அதே கணக்கெடுப்பில், டாட்டூ இருப்பவர்களில் சுமார் கால்வாசிப் பேர் ஒன்றையாவது போட்டதற்காக வருந்துவதாகவும் சொன்னார்கள். அந்தக் கால்வாசியில் சேராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் இனி வருவது.

முதல் வேலை, பிடித்த படத்துக்குப் பெயர் கண்டுபிடிப்பது. இணையத்தில் "ட்ரைபல்" என்று தேடினால் கறுப்பு வளைவுகளாக ஆயிரம் படங்கள் வரும், ஆனால் "ட்ரைபல்" என்பது ஒரு மரபின் பெயரே இல்லை. அதற்குள் பசிபிக் தீவான சமோவா இருக்கும், நியூசிலாந்தின் மாவோரி இருக்கும், போர்னியோ இருக்கும், யாரோ கணினியில் கிறுக்கியதும் இருக்கும். டாட்டூ என்ற சொல்லே பசிபிக் தீவுகளில் பேசும் பாலினீசிய மொழிகளின் 'டாட்டாவ்' என்பதிலிருந்து வந்தது, ஆங்கிலேயக் கடற்பயணி கேப்டன் குக் 1769இல் தஹிதிக்குப் போய் வந்த பிறகுதான் அது ஆங்கிலத்தில் பரவியது. சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் அதன் பொருளையும் எடுத்துக்கொண்டார்களா என்றால் இல்லை. சமோவாவில் ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்திக்கொள்ளும் 'பெஆ' பல நாள் வலியைத் தாங்கி முடிக்க வேண்டிய ஒன்று, பாதியில் எழுந்து வந்தால் அது அந்தக் குடும்பத்துக்கே தலைகுனிவு. நியூசிலாந்து மாவோரிகளின் 'மோக்கோ' இன்னும் நேரடியானது, முகத்தில் இருக்கும் கோடுகள் அவருடைய வம்சத்தையும் குலத்தையும் சொல்பவை. அதைப் பார்த்து அப்படியே போட்டுக்கொள்வது, வேறொருவரின் குடும்ப அட்டையை நகலெடுத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வது மாதிரி.

அதற்காக வேற்று மரபு எதையும் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாவோரிகளே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: 'கிரிட்டுஹி' என்று, மாவோரி பாணியில் ஆனால் வம்சக் குறிப்பு இல்லாமல் வெளியாருக்காக வரைவது. பிலிப்பைன்ஸ் மலையில் கலிங்கா இனத்தைச் சேர்ந்த வாங்-ஓட், நூறு வயதைத் தாண்டிய பிறகும், முள்ளையும் கரியையும் வைத்துத் தட்டித் தட்டி வெளிநாட்டவர்களுக்குப் போட்டுவிட்டவர், 2023இல் வோக் பிலிப்பைன்ஸ் இதழின் அட்டையிலும் வந்தார். ஆக, செய்ய வேண்டியது எளிது. அந்த மரபைச் சேர்ந்தவர்கள் வெளியாருக்கு எதைக் கொடுக்கிறார்கள், எதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரிடமே போட்டுக்கொள்ளுங்கள். பெயரே கண்டுபிடிக்க முடியாத டிசைன் என்றால் நான் விட்டுவிடுவேன்.

அடுத்து சாமி படங்கள். இங்கே எந்தப் படம் என்பதைவிட எந்த இடத்தில் என்பதுதான் சிக்கலைக் கொண்டுவருகிறது. கையில் தாமரை மேல் அமர்ந்த புத்தர் டாட்டூ வைத்திருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை 2014இல் இலங்கை விமான நிலையத்தில் கைது செய்து, சில நாள் அடைத்து வைத்து, திருப்பி அனுப்பினார்கள். அவர் புத்தர் மேல் மரியாதை உள்ளவர்தான். 2017இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவருக்கு 8 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது, ஆனால் அந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது? பெங்களூரில் 2015இல் எல்லம்மன் உருவத்தைக் காலில் குத்தியிருந்த ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவரை ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டு மிரட்டியது. அவருக்கு முதுகிலும் பெரிய பிள்ளையார் டாட்டூ இருந்தது, வம்பு வந்ததோ காலில் இருந்ததற்கு. தாய்லாந்தில் துறவிகள் போட்டுவிடும் 'சக் யந்த்' என்ற மந்திர டாட்டூவையும் பொதுவாக இடுப்புக்குக் கீழே போடுவதில்லை. தெய்வ உருவம் வேண்டும் என்றால் இடுப்புக்கு மேலே, அதுவும் சட்டைக்குள் மறைகிற இடத்தில். இதில் நான் விவாதத்துக்கே வரமாட்டேன்.

எழுத்து, எண் விஷயத்தில் ஆட்கள் ஏமாறுவதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். பாடகி அரியானா கிராண்டே 2019இல் 'ஏழு மோதிரங்கள்' என்று ஜப்பானிய எழுத்தில் உள்ளங்கையில் போட்டுக்கொண்டார். இடம் போதாமல், வலியும் தாங்காமல் சில எழுத்துகளை விட்டுவிட்டதில், மிஞ்சிய இரண்டு எழுத்துகள் 'சிறிய கரி அடுப்பு' என்று ஆகிவிட்டன. அத்தனை வசதி உள்ளவருக்கே இது நடந்தால் நமக்கு நடக்காதா? தெரியாத மொழியில் போடுவதாக இருந்தால், அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இரண்டு பேரிடம், தனித்தனியாக, இதைப் படித்துப் பொருள் சொல்லுங்கள் என்று கேளுங்கள். "இது சரிதானே?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள்.

தமிழிலேயே போடுகிறவர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். சில டிசைன் மென்பொருள்களில் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் என்று சிதறிப்போகும், தமிழ் தெரியாத ஆர்ட்டிஸ்டுக்கு அது வெறும் படம்தான், அப்படியே குத்திவிடுவார். ஸ்டென்சிலை, அதாவது குத்துவதற்கான மாதிரி வரைபடத்தை, தோலில் ஒட்டியதும் எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படியுங்கள். கண்ணாடியில் பார்க்காதீர்கள், அது இடவலம் மாற்றிக் காட்டும், பல போன்களில் செல்ஃபியும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவரை ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

எண்ணில் ஒரு எச்சரிக்கை போதும். 1988இல் பிறந்தவர் ஆசையாக 88 என்று போட்டுக்கொண்டால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் அதை நவநாஜிக் குறியீடாகப் படிப்பார்கள், எட்டாவது ஆங்கில எழுத்தான H இரண்டு முறை வருவதால், 'ஹைல் ஹிட்லர்' (ஹிட்லருக்கு வணக்கம்) என்பதன் சுருக்கம் அது. முன்கையில் வரிசை எண் என்றால் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் கைதிகளுக்குக் குத்தப்பட்ட எண்கள்தான் நினைவுக்கு வரும். தப்பிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் தாத்தா பாட்டியின் எண்ணைத் தங்கள் கையில் போட்டுக்கொள்வதும் உண்டு, அது வேறு கதை. நம் மங்களச் சின்னமான ஸ்வஸ்திகாவோடு ஜெர்மனிக்குப் போகிறவர் அதை மூடிக்கொண்டு போவதே நல்லது, நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது அங்கே குற்றம், தெருவில் நின்று ஒவ்வொருவருக்கும் வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

பயணம் போகிறவர்கள் ஜப்பானைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) அங்கே குற்றவாளிகளுக்குத் தண்டனையாகப் பச்சை குத்தினார்கள், 1872இல் அரசு டாட்டூவையே தடை செய்தது, 1948இல்தான் தடை விலகியது. அதற்குள் அது யாகூசா கும்பல்களின் அடையாளமாகிவிட்டது. அந்தப் பயம் இன்னும் வெந்நீர்க் குளியலகங்களில் தங்கியிருக்கிறது: சுற்றுலாத் துறை 2015இல் கேட்டபோது பதில் சொன்ன விடுதிகளில் பாதிக்கும் மேல், டாட்டூ உள்ளவர்களைக் குளிக்க விடுவதில்லை என்றன. 2019 ரக்பி உலகக் கோப்பைக்குப் போன வீரர்களிடம்கூட, ஜிம்மிலும் நீச்சல் குளத்திலும் டாட்டூவை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். சிறிய டாட்டூ என்றால் தோல் நிறத்தில் ஒட்டும் பட்டை போதும், முதுகு முழுக்க என்றால் அறைக்குள்ளேயே தனித் தொட்டி உள்ள விடுதியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தென்கொரியாவில் நிலைமை இன்னும் வேடிக்கை. பச்சை குத்துவது மருத்துவச் செயல் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், மருத்துவர் அல்லாத கலைஞர்கள் எல்லோரும் பல ஆண்டுகள் சட்டத்துக்குப் புறம்பாகவே தொழில் செய்தார்கள், அவர்களுக்கு வழிவிடும் சட்டம் 2025இல்தான் நிறைவேறியது.

மதத்தை வைத்து ஒரே வரியில் முடிவு கட்டவும் முடியாது. பைபிளில் லேவியராகமம் 19:28 உடம்பில் குறி குத்தக் கூடாது என்கிறது, ஆனால் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டின் உள்பக்கம் சிறிய சிலுவை குத்திக்கொள்வதைத் தங்கள் அடையாளமாகவே வைத்திருக்கிறார்கள். சுன்னி இஸ்லாமிய அறிஞர்களில் பெரும்பாலோர் கூடாது என்பார்கள், ஆனால் வட ஆப்பிரிக்காவின் பெர்பெர் இன முஸ்லிம் பாட்டிமார்கள் பலரின் தாடையில் பச்சைக் கோடுகள் இருக்கும். அதனால் "அந்த மதத்தில் டாட்டூ கிடையாது" என்று யாராவது சொன்னால், எந்த ஊரில், எந்தத் தலைமுறையில் என்று திருப்பிக் கேளுங்கள்.

வேலை விஷயத்தில் இடம்தான் எல்லாம். அமெரிக்க ராணுவமே 2022இல் கையிலும் பின்கழுத்திலும் சிறிய டாட்டூக்களை அனுமதித்துவிட்டது, தாடையில் மோக்கோ வைத்திருந்த நனாயா மஹுட்டா 2020இல் நியூசிலாந்தின் வெளியுறவு அமைச்சரானார். இருந்தாலும் முதல் டாட்டூவுக்கு முகம், கழுத்து, விரல் வேண்டாம். நியாயம் அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும், மறைக்கவும் காட்டவும் உங்களால் முடிகிற இடமாக இருந்தால் நல்லது. விரலில் போட்டால் சீக்கிரம் மங்கியும் விடும்.

முடிவு செய்துவிட்டீர்களா? இன்னும் மூன்று மாதம் பொறுங்கள். அந்தப் படத்தை அதே அளவில் பேனாவால் அதே இடத்தில் வரைந்துகொண்டு நாலு இடம் போய் வாருங்கள். நான் இப்படி வரைந்து பார்த்ததில் மூன்று டிசைன்கள் இரண்டே வாரத்தில் சலித்துப்போயின. 'கறுப்பு மருதாணி' என்று விற்பதை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதில் தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம், தோல் கொப்பளித்துத் தழும்பாகும்.

குத்தும் அன்று பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஊசி உறையைக் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், மை சிறிய கிண்ணத்தில் புதிதாக ஊற்றப்பட வேண்டும், மீதியைத் திரும்பப் புட்டியில் ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். மையிலேயே சிவப்புதான் அதிகம் ஒவ்வாமை தருவது. மேல்தோல் ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், அதுவரை பொருக்கைப் பிய்க்காமல், நீச்சலுக்குப் போகாமல், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ரத்ததானம் செய்பவராக இருந்தால் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், நாட்டுக்கு நாடு மாறும்.

ஏற்கெனவே போட்டுவிட்டேன், இப்போதுதான் அது யாருடையது என்று தெரிகிறது என்றால்? யாராவது கேட்டால் புதுக் கதை கட்டாமல், தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சு அதோடு முடியும். மேலே இன்னொரு டிசைன் போட்டு மறைக்கலாம், ஆனால் அது பழையதைவிடப் பெரியதாகவும் கருமையாகவும்தான் வரும். லேசர் என்றால் பல அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது ஆறு வார இடைவெளி. கறுப்பு ஓரளவு நன்றாகவே போகும், பச்சையும் மஞ்சளும் லேசில் போகாது.