ரெண்டு வீடு பிடிச்சிட்டு, எத வாங்குற? மட்டக்களப்பில வீடு பாக்கிற ஆக்களுக்கு

ஒரு வீடுதான் பாத்தீங்க, அதுதான் பிடிச்சிரிக்கு எண்டா விலை பேசுறது மட்டும்தான் வேல. ரெண்டு வீடு பிடிச்சாத்தான் தலையிடி. அதுவும் ரெண்டும் ரெண்டு மாதிரி எண்டா, மனிசிக்கு ஒண்டு பிடிக்கும், அம்மாக்கு மத்தது பிடிக்கும், புறோக்கர் ரெண்டையும் வேற ஆள் கேட்டு வந்த எண்டு சொல்லி அவசரப்படுத்துவார். அந்த அவசரத்துக்குள்ள எப்பிடி நிதானமா ஒப்பிடுற எண்டுதான் எழுதுறன்.

விளங்குறதுக்கு ரெண்டு வீட்ட எடுத்துக்குவம். ஒண்டு கல்லடியில, 10 பேர்ச் வளவு, பழைய ஓட்டு வீடு, குசினி இருட்டு, பாத்ரூம் வெளிய, கேக்கிற விலை 1 கோடி 30 லட்சம். மத்தது செங்கலடிப் பக்கம் வயலோரமா, 20 பேர்ச், கட்டி ரெண்டு வருசம், முழுக்க டைல்ஸ், பான்ட்ரி குசினி, ரெண்டு பாத்ரூம், கேக்கிற விலை 1 கோடி 5 லட்சம். (விலை ரெண்டும் கணக்குக்காக நான் போட்டது, இப்ப சந்தையில இரிக்கிற விலை எண்டு எடுத்துக்காதீங்க.) போட்டோவில பாத்தா எல்லாரும் ரெண்டாவதத்தான் சொல்லுவாங்க, விலையும் குறைவு, வளவும் பெரிசு, இதில யோசிக்க என்ன இரிக்கு எண்டு.

யோசிக்க இரிக்கு. ஒரு கொப்பி எடுத்து ரெண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்கி, பக்கத்த மூண்டாப் பிரிங்க. முதல்ல காசு குடுத்தாலும் மாத்த ஏலாதது, மறுகா காசு குடுத்தா மாத்தலாம் எண்டது, கடைசியா இரிந்து பழகினாச் சரிவாறது. இருட்டுக் குசினி ரெண்டாவது. காலையில அஞ்சு மணிக்குக் கோயில் ஸ்பீக்கர் கேக்கிறது மூண்டாவது. வளவு பள்ளத்தில கிடக்கிறது முதலாவது. வீடு பாக்கப் போற ஆக்கள் தொண்ணூறு வீதம் ரெண்டாவதையும் மூண்டாவதையும் பாத்துத்தான் முடிவெடுக்கிற, ஏனெண்டா கண்ணுக்குத் தெரியிறது அதுதான். முதலாவது கண்ணுக்குத் தெரியாது, தேடிப் பாக்கணும்.

நம்மட பக்கத்தில முதல்ல தேட வேண்டியது தண்ணி. வாற தண்ணியும் சரி, குடிக்கிற தண்ணியும் சரி. கார்த்திகை மார்கழியில வீடு பாக்கக் கிடைச்சா அதிர்ஷ்டம், மழைக்குள்ள குடையோட போய் நிண்டு பாருங்க, புறோக்கர் வெயில் வரட்டும் எண்டு சொன்னாலும் கேக்காதீங்க. கோடையில பாக்கிற எண்டா அக்கம்பக்கத்தில கேளுங்க, "2011 தை வெள்ளத்தில தண்ணி எங்க மட்டும் வந்த?" எண்டு. வீட்டுக்காரரிட்ட கேட்டுப் பிரயோசனமில்ல, அவர் விக்கிற ஆள். மூண்டு வீடு தள்ளி இரிக்கிற வயசான அம்மா ஒராள் சொல்லுவா, எந்தப் படி மட்டும் வந்த, எத்தின நாள் நிண்ட, எந்தப் பள்ளிக்கூடத்தில போய் இரிந்த எண்டு எல்லாம்.

கேக்க ஆளில்லாட்டி பக்கத்து வீடுகளின்ட அத்திவாரத்தப் பாருங்க. எல்லாரும் மூண்டு நாலு படி வச்சு உயத்திக் கட்டியிரிக்கிறாங்க, நீங்க பாக்கிற வீடு மட்டும் ஒரு படியோட நிக்குது எண்டா அது என்னத்தச் சொல்லுது எண்டு விளங்கும்தானே. பழைய வீட்டில இன்னொரு சங்கதி இரிக்கு, வீடு கட்டேக்க றோட்டு கீழதான் இரிந்திரிக்கும், மறுகா கிரவல் போட்டு, தார் போட்டு, கொங்கிறீட் போட்டு றோட்டு உயந்து உயந்து இப்ப வளவு பள்ளமாப் போயிரிக்கும். கேற்றடியில நிண்டு பாத்தாலே தெரியும், உள்ளுக்க இறங்குறமா ஏறுறமா எண்டு. இறங்குற வளவெண்டா மண் போட்டு நிரப்பலாம், ஆனா வீட்டின்ட தரைய உயத்த ஏலா.

செங்கலடி வீட்டுக்கு வேற கேள்வி. அது முந்தி வயலா? வயலெண்டா அத நிரப்புறதுக்கு 2000 ஆம் ஆண்டு 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி எடுத்திரிக்கணும். எடுத்த கடிதத்தக் காட்டச் சொல்லுங்க. கடிதம் ஒரு பக்கம் இரிக்கட்டும், நிரப்பின மண்ணில ரெண்டு வருசத்துக்கு முன்னக் கட்டின வீடெண்டா ஜன்னல் மூலைகள்ள, ஹோல் சுவரில சரிவா வெடிப்பு ஓடியிரிக்கா எண்டு பாருங்க. புதுசாப் பெயின்ற் அடிச்சிரிந்தா இன்னும் கவனமாப் பாருங்க, ரெண்டு வருச வீட்டுக்கு என்னத்துக்கு இப்ப பெயின்ற்? பக்கத்து வெறும் வளவையும் பாருங்க, நாளைக்கு அவர் உங்களவிட ரெண்டடி உயத்தி நிரப்பினா அவரின்ட தண்ணி முழுக்க உங்கட வளவுக்குள்ளதான்.

கல்லடிக்கு வந்தா ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி. 2004 மார்கழி 26 சுனாமிய மறந்திட்டு அங்க ஒருத்தரும் வீடு வாங்கிறல்ல. சில குடும்பம் கடற்பக்கம் எண்டாலே வேணாம் எண்டிருவாங்க, அதில தர்க்கம் பண்ணிப் பிரயோசனமில்ல, வீட்டில ஒராளுக்கு மழைக்காத்துச் சத்தம் கேட்டா நித்திர வராதெண்டா அந்த வீடு எவ்வளவு மலிவெண்டாலும் வேணாம். பயமில்லாத ஆக்கள் கடல் எவ்வளவு தூரம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ட எல்லைக்குள்ள வளவு வருதா, மறுகா ஒரு அறை கூட்டிக் கட்ட அனுமதி கிடைக்குமா எண்டு கேட்டு வைங்க. உப்புக்காத்து இரும்ப விடாது. கொங்கிறீட் சன்சேட் இரிந்தா அடிப்பக்கத்த நிமிந்து பாருங்க, துருக் கறை தெரிஞ்சாலோ சீமெந்து கழண்டு கம்பி தெரிஞ்சாலோ அது பூசி மறைக்கிற வேல இல்ல, இடிச்சுப் போடுற வேல. ஓட்டு வீட்டில ஏணி வச்சு ஏறி மரத்தத் தட்டிப் பாருங்க, கறையான் திண்ட மரம் சத்தத்திலயே தெரியும்.

குடிதண்ணிக்கு மழை காலம் நம்ப ஏலாத காலம், மாரியில எல்லாக் கிணறும் நல்ல தண்ணிதான். ஆவணி புரட்டாதியில வாயில வச்சுப் பாக்கணும். அதுக்கு வழியில்லாட்டி பக்கத்து வீட்டில தேத்தண்ணி தந்தா குடிச்சிட்டு கேத்தில் அடியில வெள்ளையாப் படிஞ்சிரிக்கா எண்டு ஒரு பார்வை பாருங்க. பைப் தண்ணி இரிக்கெண்டா பிரச்சினை குறைவு, உன்னிச்சைக் குளத்துத் தண்ணிதான் டவுன் பக்கமெல்லாம் வருது, ஆனா உங்கட ஒழுங்கைக்குள்ள லைன் வந்திரிக்கா, மீற்றர் யாரின்ட பேர்ல எண்டு பில்ல வாங்கிப் பாருங்க. கல்லடி மாதிரி மணல் பூமியில கிணத்துக்கும் கக்கூஸ் குழிக்கும் எவ்வளவு தூரம் எண்டு அளந்து பாக்கணும், உங்கட குழி மட்டுமில்ல, மதிலுக்கு அங்கால இரிக்கிற பக்கத்து வீட்டுக் குழியும்தான். 50 அடிக்குள்ள எண்டா அந்தக் கிணத்த மரத்துக்குத் தண்ணி ஊத்த மட்டும் வச்சுக்கங்க. குழி நிறைஞ்சா இழுக்கிற பவுசர் ஒழுங்கைக்குள்ள வருமா எண்டதும் இதோட சேந்த கேள்வி, வாங்கேக்க ஒருத்தரும் யோசிக்கிறல்ல.

இனி கடதாசி. இதில ரெண்டு வீட்டையும் ஒரே தராசில வைக்கக் கூடாது, ஏனெண்டா நம்மட மாவட்டத்தில காணி ஒரே சாதி இல்ல. கல்லடி வீடு உறுதிக் காணி, அதாவது சொந்தக்காரரின்ட பேர்ல உறுதி இரிக்கிற தனியார் காணி எண்டு வைங்க. நொத்தாரிசு (உறுதி எழுதுற ஆள்) ஒராளப் பிடிச்சு காணிப் பதிவகத்தில 30 வருசத்துக்குத் தேடச் சொல்லுங்க, ஈடு வச்சிரிக்கா, வழக்குப் பதிஞ்சிரிக்கா, சீவிய உரித்து (சாகும் மட்டும் அனுபவிக்கிற உரிமை) யாருக்கும் எழுதியிரிக்கா எண்டு. கடைசியாச் சொன்னத்த லேசா விடாதீங்க. நம்ம ஊர்ல வீடு பொம்புளப் புள்ளைக்கு, தாய் தகப்பன் மகளுக்குச் சீதனமா எழுதேக்க தங்கட சீவிய உரித்த வச்சுக்கொண்டுதான் எழுதுறது வழமை. மகள் விக்கிறா, உறுதியும் மகளின்ட பேர்லதான் இரிக்கு, ஆனா அம்மா பின்வளவுக் கொட்டிலுக்குள்ள இன்னும் இரிக்கிறா எண்டா அவவும் கையெழுத்து வைக்கணும். தேசவழமை வடமாகாணத்துத் தமிழருக்கான சட்டம், விக்கிறதுக்கு முதல் பங்காளிக்குச் சொல்லணும் எண்ட அதின்ட விதி நம்மட காணிக்கு இல்ல. ஆனா விக்கிறவ யாழ்ப்பாணத்து ஆள், கலியாணம் முடிச்சவ எண்டா புருசனின்ட சம்மதமும் வேணுமா எண்டு நொத்தாரிசிட்டக் கேளுங்க.

செங்கலடிப் பக்கத்து வீடு அரசாங்கம் குடுத்த பெர்மிட் காணி, இல்லாட்டி ஸ்வர்ணபூமி ஜயபூமி மாதிரி அளிப்புக் காணி எண்டா கதை வேற. பிரதேச செயலாளரின்ட எழுத்து அனுமதி முன்கூட்டியே எடுக்காம அத வித்தா அந்த விற்பனையே செல்லாது. "எல்லாரும் இப்பிடித்தான் வாங்குற, ஜேபி (சமாதான நீதவான்) சீல் குத்தின கடதாசி தாறன்" எண்டு சொல்லுவாங்க. 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கச் சட்டத்தில இரிந்து நம்ம நாட்டில காணி கைமாறுறதெண்டா நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் வேணும், ஜேபிட சீலுக்கு அங்க இடமில்ல. பேங்க் லோன் எடுக்கிற ஆக்களுக்கு இது இன்னும் முக்கியம், பெர்மிட்டக் கொண்டு போனா மனேஜர் தேத்தண்ணி தந்து அனுப்பிருவார். ஆகவே ரெண்டாவது வீடு மலிவா இரிக்கிறதுக்கு ஒரு காரணம் இரிக்கு, டைல்ஸ் அத மறைச்சிட்டு நிக்குது.

வெளிநாட்டில இரிக்கிற ஓனருக்காக மச்சான் ஒராள் அற்றோர்னி பவர்ல விக்கிறார் எண்டா, பவர் பதிஞ்சிரிக்கா எண்டு பாத்திட்டு, ஓனரோட வீடியோ கோல்ல ஒருக்காக் கதைங்க. ஆள் செத்துப் போனா பவரும் போயிரும். யுத்த காலத்தில விட்டுட்டுப் போன வளவில பத்து வருசம் இரிந்தாச்சு எண்டு ஆட்சியில உறுதி எழுதின காணியையும் யோசிச்சுத் தொடுங்க, யுத்தத்தால வந்து கேக்க ஏலாமப் போன ஆக்களுக்கு 1983 மே 1 இல இரிந்து 2009 மே 18 வரையான காலத்த அந்தப் பத்து வருசக் கணக்கில சேக்காம விட 2016 இல தனிச் சட்டமே வந்த, உரிமையான ஆள் எங்கயாவது இரிக்கலாம்.

இவ்வளவும் பாத்து ரெண்டு வீடும் முதல் பிரிவில தப்பினாத்தான் காசுக் கணக்குப் போடணும், அதுக்கு முதல் போட்டா காசு மனச இழுத்திரும். கேக்கிற விலைய ஒப்பிடாதீங்க, குடிபோற அண்டைக்குக் கையில இரிந்து போயிரிக்கிற மொத்தக் காச ஒப்பிடுங்க. கல்லடி வீட்டுக்குப் புதுப் பாத்ரூம், குசினிக்கு ஜன்னல், ஓடு மாத்துறது, வயரிங் எண்டு மேசன் பாஸ் ஒராளக் கூட்டிக்கொண்டு போய் எஸ்டிமேட் எடுங்க, அவர் சொல்லுறதில இன்னும் கால்வாசி கூட்டிக்கங்க. அதோட ஸ்டாம்ப் டியூட்டி, முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், ஒரு கோடி பெறுமதியெண்டா 3 லட்சத்து 99 ஆயிரம். நொத்தாரிசு பீஸ், சேவையர், புறோக்கர் எல்லாம் வேற. செங்கலடிக்கு மறுபக்கம் இன்னொரு செலவு இரிக்கு, டவுனுக்கு பதினைஞ்சு கிலோமீட்டர் சொச்சம், ரெண்டு பேர் வேலைக்கு, புள்ளைகள் ரியூசனுக்கு எண்டு மாசா மாசம் பெற்றோல் எவ்வளவு எண்டு பத்து வருசத்துக்குப் பெருக்கிப் பாருங்க.

சின்னப் புள்ளை இரிக்கிற ஆக்கள் பள்ளிக்கூடத்தையும் பாக்கணும். ஆண்டு 1 அனுமதியில வதிவிடத்துக்கு வாக்காளர் இடாப்பில எத்தின வருசம் பேர் இரிக்கெண்டு பாப்பாங்க, உங்கட வீட்டுக்குக் கிட்ட வேற பள்ளிக்கூடங்கள் இரிந்தா புள்ளியும் வெட்டுவாங்க. அடுத்த வருசம் சேக்கிறதுக்கு இந்த வருசம் வீடு வாங்கிறதில பெரிய பிரயோசனமில்ல.

ரெண்டு பொம்புளப் புள்ள இரிக்கிற குடும்பமெண்டா 20 பேர்ச் வளவுக்கு ஒரு நியாயம் இரிக்கு, பின்னுக்கு இன்னொரு வீடு வைக்கலாம், ரெண்டாப் பிரிச்சு எழுதலாம். அதுவும் பிரிக்கக்கூடிய காணியெண்டாத்தான். அளிப்புக் காணியில நினைச்ச மாதிரி பிரிக்க ஏலா. ஒரே மகள், இல்லாட்டி பொடியன்மார் மட்டும் எண்டா பெரிய வளவ கூட்டுறதுக்கே ஒராள் வேணும்.

சூட்டையும் ஒருக்கா யோசிங்க. கச்சான் அடிக்கிற மாசங்கள்ள பின்னேரம் மூண்டு மணிக்கு ரெண்டு வீட்டிலயும் போய் அரை மணித்தியாலம் பேசாம இரிங்க. சீற் போட்டு சிலிங் அடிச்ச புது வீடு அந்த நேரம் அவியும், ஓட்டு வீடும் வேப்பமரமும் அப்பிடியில்ல. வாஸ்து பாக்கிற ஆக்கள் பாருங்க, எனக்கு அதில நம்பிக்கை குறைவு, ஆனா மாமி நம்புறா எண்டா அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முதல் சாத்திரியாரக் கூட்டிக்கொண்டு போங்க, குடுத்ததுக்குப் பிறகு இல்ல.

என்னட்டக் கேட்டா, உறுதி சுத்தமா, வளவு உயரமா இரிந்தா இருட்டுக் குசினியோட இரிக்கிற பழைய வீட்டத்தான் எடுப்பன். ரெண்டும் சமனா நிக்குது எண்டா வீட்டில கூட நேரம் இரிக்கிற ஆள் யாரோ அவ சொல்லுறத எடுங்க, காலையில போய் இரவு வாற ஆளின்ட விருப்பம் ரெண்டாவது.

முடிவெடுத்தா அட்வான்ஸ நொத்தாரிசுக்கு முன்னால விற்பனை உடன்படிக்கை எழுதிக் குடுங்க, சேவையரக் கொண்டு வளவ அளந்து உறுதியில இரிக்கிற பேர்ச்சும் தரையில இரிக்கிற பேர்ச்சும் ஒண்டா எண்டு பாருங்க, ஒழுங்கைப் பாதை உறுதியில எழுதியிரிக்கா எண்டும் பாருங்க. மிச்சக் காசு குடுக்கிறதுக்கு முதல் நாள் பதிவகத்தில இன்னொருக்காத் தேடுங்க, இடையில ஒரு ஈடு பதிஞ்சிரிந்தா அது உங்கட தலையில. உறுதி எழுதின கையோட பதிவுக்குப் போடுங்க. சோலைவரி, கரண்ட் பில், தண்ணி பில் மூண்டிலயும் பேர் மாத்துற போமுக்கு பழைய ஓனரின்ட கையெழுத்த உறுதி எழுதுற அண்டைக்கே வாங்கிருங்க, ஆள் கனடாக்குப் போனதுக்குப் பிறகு ஒரு கையெழுத்துக்கு மாசக்கணக்கா அலையணும்.