மலை மண்ணில் இயற்கை உருளைக்கிழங்கு: உரத்தை எப்போது, எவ்வளவு இடுவது?

நீலகிரி மண் கறுத்து, பொலபொலவென்று இருக்கும். மட்குக்குக் குறைவில்லை, ஆனாலும் பயிர் பட்டினி கிடக்கும். குளிரில் மட்கிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) மெதுவாகத்தான் வெளியே வரும். அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்துவைத்துக்கொள்ளும். உரமிடும் காலமும் மண்ணின் புளிப்பும் சரியாக இல்லாவிட்டால் லாரி லாரியாக எரு கொட்டியும் பயனில்லை.

முதலில் மண் பரிசோதனை. வயலில் 10–15 இடங்களில் 20 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அனுப்புங்கள். கார அமில நிலை (pH) 5 முதல் 5.5 வரை இருந்தால் உருளைக்குப் போதும். அதற்குக் கீழே இருந்தால் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்பு வகையான டோலமைட் தேவை; அளவைப் பரிசோதனை அறிக்கைப்படி வையுங்கள். ஆனால் அதை முந்தைய முட்டைக்கோஸ் அல்லது பீன்ஸ் போகத்திலேயே இட்டுவிட வேண்டும். உருளை நடவை ஒட்டி இட்டால் கிழங்கில் சொறி நோய் வரும்.

மணிச்சத்துக்கு ஏக்கருக்கு 200 கிலோ பாறை பாஸ்பேட். மண்ணின் புளிப்புதான் இதைக் கரைக்கும், அதனால் டோலமைட்டோடு சேர்த்து இடாதீர்கள். லூபின் என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழும் வழக்கம் இங்கே உண்டு. அமில மண்ணைத் தாங்கும் இந்தப் பயிரின் வேர், பூட்டிக்கிடக்கும் மணிச்சத்தையும் விடுவிக்கும். மடக்கி உழுத பின் நடவுக்கு நான்கு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

தழைச்சத்துக் கணக்கைப் பாருங்கள். ஏக்கருக்கு 8 டன் கிழங்கு எடுத்தால் சுமார் 30 கிலோ தழைச்சத்து மண்ணைவிட்டுப் போகிறது. 8 டன் தொழு உரத்தில் 40 கிலோ இருந்தாலும், அந்தப் போகத்துக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குதான். மீதியை லூபினும் புண்ணாக்கும் ஈடுகட்ட வேண்டும். சாணம், கோமியம், வெல்லம் சேர்த்துப் புளிக்கவைக்கும் ஜீவாமிர்தம் 200 லிட்டரில் தழைச்சத்து அரைக் கிலோகூடத் தேறாது. நுண்ணுயிருக்காக ஊற்றுங்கள், உரமாக எண்ணாதீர்கள்.

ஏப்ரலில் நடும் கார்போகத்துக்கு, ஏக்கர் கணக்கில்:

– நடவுக்கு மூன்று வாரம் முன்பு: நன்கு மட்கிய தொழு உரம் 8 டன், மேல் மண்ணோடு கலந்து.
– நடும்போது: வேப்பம் புண்ணாக்கு 100 கிலோ. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்கள் (நுண்ணுயிர் உரங்கள்) தலா 800 கிராமை 20 கிலோ சலித்த எருவில் கலந்து பாரில் தூவுங்கள். புண்ணாக்கு விதைக்கிழங்கைத் தொடக்கூடாது. புளிக்கும் சூட்டில் விதை அழுகும்.
– 45ஆம் நாள் களை கொத்தும்போது: ஆமணக்குப் புண்ணாக்கு 100 கிலோ.

60ஆம் நாள் மண் அணைப்பதோடு சரி, அப்போது தழைச்சத்து வேண்டாம். செடி தழைத்துக்கொண்டே போகும், கிழங்கு பிந்தும், ஜூன் மழையில் பின்கருகல் நோய் சுலபமாகப் பற்றும்.

பச்சைச் சாணம் கூடவே கூடாது, வெள்ளைப் புழு அதோடுதான் வரும். குப்பையைத் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். நனைந்தால் சாம்பல்சத்து (பொட்டாஷ்) கரைந்து ஓடிவிடும். தேயிலைத் தொழிற்சாலைச் சாம்பல் நல்லதுதான், அது விறகுச் சாம்பலாக இருந்தால். நிலக்கரிச் சாம்பல் வேண்டாம். எந்தச் சாம்பலையும் உயிர் உரத்தோடு கலக்காதீர்கள்.

இத்தனையும் செய்தும் வயலில் திட்டுத் திட்டாகச் செடி மஞ்சளாகிக் குன்றினால், உரத்தைக் கூட்டும் முன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு. நீலகிரியில் 1961 முதல் அறியப்பட்டது. எந்த எருவும் அங்கே எடுபடாது. மூன்று நான்கு ஆண்டுகள் அந்த நிலத்தில் முட்டைக்கோஸ், கேரட், பூண்டு, பீன்ஸ் என மாற்றிப் பயிரிடுங்கள்.