‘காஷ்மீர் நீலம்’ என்று ஒரு கல்லை நீட்டினால் என்ன கேட்பது, எப்படிப் பார்ப்பது

திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். இப்போது நகை வாங்குகிறவர்களுக்குக் கல் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. சனிக்கு நீலம் போடச் சொல்லி ஜோசியர் எழுதிய சீட்டோடு வருகிறவர்கள் பலரும் ‘காஷ்மீர் கல்லா?’ என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரர் அந்தப் பெயரைச் சொன்னால், லென்ஸைத் தொடுவதற்கு முன் அந்தச் சுரங்கத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பொய் அங்கேயே உதிர்ந்துவிடும்.

முதல் விஷயம், அந்தச் சுரங்கம் ஸ்ரீநகர்ப் பள்ளத்தாக்கில் இல்லை. கிஷ்ட்வார் மாவட்டத்தில் பாடர் என்ற பகுதி, அங்கே சும்ஜாம் என்ற கிராமம். அதற்கு மேலே ஜன்ஸ்கார் மலைத்தொடரில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் பனி விலகும். 1881 வாக்கில் ஒரு மலைச்சரிவு மண்ணைப் பிய்த்துப்போட, உள்ளே இருந்த நீலக்கல் வெளியே வந்தது. மதிப்புத் தெரியாமல் கைமாறிய கற்கள் வியாபாரிகள் வழியாக சிம்லா வரை போன பிறகுதான் விஷயம் வெடித்தது. மகாராஜா ரன்பீர் சிங் உடனே காவல் போட்டுச் சுரங்கத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தார்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். கல் இருந்த பாறை சிதைந்து வெள்ளைக் களிமண்ணாக மாறியிருந்ததால், தோண்டுவது சுலபம். அதனாலேயே சீக்கிரம் தீர்ந்தும் போனது. 1887இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் லா டூஷ் மேலே ஏறிப் பார்த்தபோது, பழைய சுரங்கத்தில் நல்ல கல் அநேகமாக முடிந்திருந்தது. பிறகு 1906-08இல் ஒரு கம்பெனி, 1920களில் மாநிலக் கனிம ஆய்வுக்காரர்கள் என்று பலர் முயன்றார்கள். கிடைத்தது உண்டு, ஆனால் பழைய வரத்து திரும்பவே இல்லை. உலகில் பேசப்படும் நல்ல காஷ்மீர் கற்களில் பெரும்பகுதி அந்த 1880களின் சில வருடங்களில் எடுத்தவை.

சரி, இதை வைத்து என்ன கேட்பது? ‘போன மாதம் காஷ்மீரிலிருந்து நேரா வந்த சரக்கு’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய குடும்ப நகையிலிருந்து எடுத்தது என்றால் அந்த நகையைக் காட்டச் சொல்லுங்கள். நகையின் அமைப்பும் கல்லைப் பிடித்திருக்கும் நகத்தின் தேய்மானமும் கல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். விலையையும் கேளுங்கள். 2015இல் ஹாங்காங் ஏலத்தில் 27.68 கேரட் காஷ்மீர்க் கல் ஒன்று சுமார் 67 லட்சம் டாலருக்குப் போனது. எல்லாக் கல்லும் அந்த உயரத்துக்குப் போகாது, ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கேரட் என்றால் அது வேறு ஊர்க் கல்.

வேறு ஊர்க் கல் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். இலங்கை நீலம் அருமையான கல். மடகாஸ்கரின் சில கற்கள் காஷ்மீரைப் போலவே பட்டு மாதிரி மங்கலாக இருக்கும், அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். எனக்கு எரிச்சல், அவற்றைக் காஷ்மீர் விலைக்கு விற்பதில்தான்.

இப்போது கையில் எடுங்கள். வெள்ளைத் தாள் மேல் கண்ணாடித் தம்ளரை வைத்துத் தண்ணீர் ஊற்றி, மோதிரத்தில் பதிக்காத கல்லை அதில் தலைகீழாகப் போட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் காட்டிப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நிறப்பட்டைகள் வில்லாக வளைந்து ஓடினால், தீச்சுவாலையில் உருக்கிச் செய்த செயற்கைக் கல். உருண்டைக் குமிழி தெரிந்தாலும் அப்படியே. பட்டைகள் நேராக, கோணத்தோடு மடிந்து போனால் இயற்கைக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. ஊரைச் சொல்லவே சொல்லாது.

காஷ்மீர்க் கல்லின் அந்த ‘தூங்குகிற’ நீலம் உள்ளே இருக்கும் மிக நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. மயில்கழுத்து என்பார்கள் எங்கள் ஆட்கள். அதைக் கடையின் எல்.இ.டி. விளக்கில் தீர்மானிக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தர மறுக்கிறார் என்றால் காரணம் கேட்காமலேயே கிளம்பலாம்.

பெரிய தொகை என்றால் ரிப்போர்ட் கட்டாயம். வெறும் ‘நேச்சுரல் சஃபையர்’ என்ற அட்டை போதாது. பிறந்த இடத்தை ஆராய்ந்து எழுதித் தருகிற லேப் வேண்டும், ஜி.ஐ.ஏ., குபெலின், எஸ்.எஸ்.இ.எஃப். மாதிரி. அவர்களும் ஊரைக் கருத்தாகத்தான் எழுதுவார்கள், உத்தரவாதமாக அல்ல. ரிப்போர்ட்டில் இரண்டு வரியைத் தேடுங்கள்: பிறப்பிடம் ஒன்று, நிறத்தைக் கூட்டச் சூடு பண்ணிய அறிகுறி இருக்கிறதா இல்லையா என்பது இன்னொன்று. எடையும் அளவும் கையில் இருக்கும் கல்லோடு ஒத்துப்போகிறதா என்று தராசில் போட்டுப் பார்த்து, ரிப்போர்ட் எண்ணை அந்த லேப்பின் தளத்தில் நீங்களே சரிபார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.