ஆஃப்ரோ முடி உள்ள விருந்தினருக்கு உங்கள் லாட்ஜில் என்னென்ன வேண்டும்?

திருப்பூர் காதர்பேட்டையில் சரக்கெடுக்க நைஜீரியாவிலிருந்து வருகிறார்கள். கோவை ஆஸ்பத்திரிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வேறு பல ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறார்கள். நோயாளிக்குத் துணையாக வந்தவர் வாரக்கணக்கில் தங்குவதும் உண்டு. நாம் அறையில் வைக்கிற சின்னக் கருப்புச் சீப்பு, 10 மில்லி ஷாம்பு, டர்க்கி டவல், சுவரில் மாட்டிய ட்ரையர் எதுவும் அவர்கள் முடிக்கு ஒத்துவராது. முழு வாடகை வாங்கிக்கொண்டு, தலைக்குக் குளிக்க வழியில்லாத அறையைக் கொடுப்பது நியாயமில்லை.

ஸ்பிரிங் போல இறுக்கமாகச் சுருண்ட ஆஃப்ரோ முடியில், மண்டைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நுனிவரை இறங்காது. அதனால் முடி சீக்கிரம் வறண்டுவிடும். ஒவ்வொரு வளைவும் எளிதில் ஒடியக்கூடிய இடம். ஈரப்பசை போகக் கூடாது, உரசல் இருக்கக் கூடாது. கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும் இந்த இரண்டுக்காகத்தான்.

துணி: நம் ஊரிலேயே கிடைக்கிறது

டர்க்கி டவலின் நூல் வளையங்களில் சுருள் முடி சிக்கி அறுந்துவிடும். பதிலுக்கு பனியன் துணி வையுங்கள். 100 சதவீதக் காட்டன், 200 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் இன்டர்லாக் பின்னல், 75×120 சென்டிமீட்டர், நான்கு ஓரமும் ஓவர்லாக். எண்ணெயும் சாயமும் படும் என்பதால் அடர்நிறமாக இருக்கட்டும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, சாயம் ஒட்டாததை மட்டும் எடுங்கள்.

வாங்கும்போது பலரும் ஏமாறுவது ஃபினிஷிங்கில்தான். தொட்டால் வழுவழுவென்று இருக்கிற துணிக்குப் பெரும்பாலும் சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டிருப்பார்கள். அது தண்ணீரை உறிஞ்சாது. ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நொடியில் உள்ளே இறங்கினால் எடுக்கலாம். முத்து மாதிரி நின்றால் வேண்டாம். லாண்டரியிலும் அந்தத் துணிக்கு சாஃப்ட்னர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

காட்டன் தலையணை உறை இரவெல்லாம் முடியை உரசி ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சாட்டின் உறை தைத்துவிடுங்கள். 18×28 அங்குல உறைக்கு, 44 அங்குல அகலத் துணியில் 1.65 மீட்டர் வாங்கினால் இரண்டு வரும். வாயில் 6 அங்குல மடிப்பு கட்டாயம். இல்லாவிட்டால் சாட்டின் வழுக்கி, விடிவதற்குள் உறை தனியாகக் கிடக்கும். வலைப் பையில் போட்டு 30 டிகிரியில் துவைக்கவும். படுக்கை விரிப்போடு சுடுதண்ணீரிலும் ப்ளீச்சிலும் போட்டால் வழவழப்பு போய்விடும், பிறகு காட்டனுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

குளியலறை

சல்பேட் இல்லாத ஷாம்பு வாங்குங்கள். லேபிளில் சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரெத் சல்பேட் இருக்கக் கூடாது. ஷாம்புவைவிட கண்டிஷனர்தான் முக்கியம். அடர்த்தியான முடிக்கு ஒரு குளியலுக்கே 60 முதல் 100 மில்லி தேவைப்படும் என்பதால், 200 மில்லி பாட்டிலாகவே கொடுங்கள். ஷாம்புவும் கண்டிஷனரும் ஒன்றாகக் கலந்த டூ-இன்-ஒன் வேண்டாம். கண்டிஷனர் தடவிய ஈரமுடியில், நுனியில் தொடங்கி மெல்ல வேர்ப்பக்கம் ஏறிச் சிக்கெடுப்பார்கள். அதற்குப் பல்லுக்குப் பல் குறைந்தது 5 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள சீப்பு வேண்டும். ஆளுக்கு ஒரு புதுச் சீப்பு. ஒருவர் சீவியதை மற்றவருக்கு வைக்கக் கூடாது.

நம் வீட்டுப் பழக்கத்தில் அரப்பையோ சீயக்காயையோ அன்போடு எடுத்து நீட்ட வேண்டாம். எண்ணெய்க் குளியலுக்கு அரப்பு அருமையானது, ஆனால் ஏற்கெனவே வறண்ட முடியிலிருந்து இருக்கிற எண்ணெயையும் எடுத்துவிடும். பின்னல், ட்ரெட்லாக்ஸ் (கயிறு கயிறாகத் திரித்த சடை) என்றால் தூள் உள்ளே தங்கி, எவ்வளவு அலசினாலும் வராது. காங்கேயம் பக்கத்துச் செக்குத் தேங்காயெண்ணெய் 50 மில்லி வையுங்கள், அது பலருக்குப் பயன்படும்.

சிறுவாணித் தண்ணீர் வரும் இடத்தில் கவலை குறைவு. போர்வெல் தண்ணீர் என்றால் கடினத்தன்மையை, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள்; டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பை மொத்தமாகக் காட்டுமே தவிர, கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போனால் முடி சொரசொரப்பாகும். கடைசி அலசலுக்கு ஒரு பக்கெட் ஆர்ஓ தண்ணீர் கேட்டால் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ட்ரையருக்கு டிஃப்யூசர் வேண்டும்; காற்றைப் பரப்பி மெதுவாக விடும், முனையில் மாட்டுகிற அகலமான மூடி அது. 2,000 வாட் ட்ரையரை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்ட முடியாது. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட்தான். கண்ணாடி அருகே 16 ஆம்பியர் பாயின்ட் இழுத்துவிடுங்கள்.

ஆட்கள்

ஹவுஸ்கீப்பிங்கில் அடிக்கடி நடக்கும் தவறு, படுக்கையில் கிடக்கும் சாட்டின் தொப்பியோ தலைத்துணியோ விரிப்போடு சுருண்டு லாண்டரிக்குப் போவது. விரிப்பை உதறிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். கீழே கிடக்கும் பாசிமணியையும் பின்னல் முடியையும் குப்பையில் போடாமல் மேஜைமேல் வைக்கட்டும். உறையில் எண்ணெய்க் கறை பட்டதற்கு அபராதம் போடாதீர்கள்.

ரிசப்ஷனில், பாஸ்போர்ட் படத்தில் ஒரு முடி, நேரில் வேறு முடி என்று மலைக்க வேண்டாம். முகத்தைப் பார்த்தால் போதும். வெளிநாட்டவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்றும் அவசரத்திலும், தலைத்துணியைக் கழற்றச் சொல்லக் கூடாது. “ஒரிஜினல் முடிங்களா?” என்று கேட்பது, தொட்டுப் பார்ப்பது, செல்ஃபி எடுப்பது எல்லாம் முழுத் தடை. இதில் முதலாளி கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஸ்பாவில் தலைக்கு எண்ணெய் வைக்குமுன் கேளுங்கள். ட்ரெட்லாக்ஸில் இறங்கிய எண்ணெயும் ஈரமும் எளிதில் போகாது, வாடை பிடித்துவிடும். ஏற்காடு, பொள்ளாச்சிப் பக்க ரிசார்ட்டுகள் நீச்சல் தொப்பியைக் கட்டாயமாக்கினால் பெரிய அளவும் வைத்திருக்க வேண்டும். ஆஃப்ரோ முடிக்கான ‘சோல் கேப்’ தொப்பியை 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அனுமதிக்காத சர்வதேச நீச்சல் கூட்டமைப்பே 2022 செப்டம்பரில் அனுமதித்துவிட்டது.

நிறத்தைப் பார்த்து இந்தப் பொருள்களைக் கையில் திணிக்காதீர்கள். புக்கிங் உறுதியானதும் எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி போகட்டும்: சாட்டின் உறை, பனியன் டவல், அகலப்பல் சீப்பு, கண்டிஷனர், டிஃப்யூசர் உண்டு, வேண்டுமென்றால் சொல்லுங்கள். நம்மூர்ச் சுருட்டைமுடிக்காரர்களும் கேட்பார்கள். ஏதாவது தீர்ந்துபோனால், திரும்ப வாங்கும்வரை அந்தப் பெயரைச் செய்தியிலிருந்து எடுத்துவிடுங்கள்.